குலசேகரத்தில் இருந்துகொண்டு பனிக்காட்டை வரைவது எப்படி?

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தைச் சேர்ந்த ஓவிய ஆர்வலர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவர் ஐந்தாறு ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறார். இப்போது எண்ணெய் வண்ணத்துக்கு மாறி, இம்ப்ரெஷனிச ஓவியர்களின் (நொடிக்கு நொடி மாறும் ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களின்) பாணியில் ஒரு குளிர்கால வனக்காட்சியை வரைய முயல்கிறார். மூன்று முறை வரைந்தும் தரையில் கிடப்பது பனியாகத் தெரியவில்லை, சுண்ணாம்பைக் கொட்டிவைத்ததுபோல் தெரிகிறது என்றும், மரங்கள் கரிக்கோடுகளாக நிற்கின்றன என்றும் வருந்துகிறார். பனி பெய்யும் நாட்டுக்கே போகாத ஒருவர் இதை வரைய முடியுமா, எந்தெந்த வண்ணங்களை வாங்க வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் எண்ணெய் வண்ணம் ஒழுங்காகக் காயுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் பனி சுண்ணாம்பாகத் தெரிவதற்கு, நீங்கள் பனியைப் பார்க்காதது காரணமன்று. பனியின் நிறம் வெள்ளை என்று மனத்தில் உறுதிசெய்துகொண்டு, ட்யூபிலிருந்து வெள்ளையை எடுத்துத் தரை முழுவதும் பூசி, நிழல் வேண்டிய இடத்தில் அதே வெள்ளையோடு சிறிது கறுப்பைக் கலந்திருப்பீர்கள். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். என் முதல் பனிப்படமும் அந்த வழியில்தான் கெட்டது. பனி தன்மேல் விழும் ஒளியை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பி அனுப்பும் பொருள். ஆகவே வெயில் பட்ட இடத்தில் அது வெயிலின் நிறத்தையும், வெயில் படாத இடத்தில் வானத்தின் நிறத்தையும் காட்டும். நாம் வரைய வேண்டியது இந்த இரண்டு ஒளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை. அந்த வேறுபாடு குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் கண்முன்னே கிடைக்கிறது.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சொல்கிறோம் என்பதும் இங்கே சற்றுக் குழப்பத்தைத் தருகிறது. மார்கழிக் காலையில் பேச்சிப்பாறைப் பக்கம் மரங்களுக்கிடையே தொங்குவது மூடுபனி. அது தொலைவில் உள்ளவற்றின் நிறத்தையும் விளிம்பையும் கரைத்துச் சாம்பலாக்கும். உதகையில் புல்லின்மேல் படிவது உறைபனி. அது மெல்லிய பூச்சு மட்டுமே, கீழே உள்ள பச்சையும் பழுப்பும் அதன் ஊடே தெரியும். நீங்கள் வரைய விரும்புவது அடுக்கடுக்காக விழுந்து தரையை மூடும் வெண்பனி. மூன்றும் ஒளியை நடத்தும் விதம் வேறு. ஊரில் பார்த்த மூடுபனியின் நினைவோடு வெண்பனியை வரைந்தால் படம் முழுவதும் மங்கலாகிவிடும்.

இம்ப்ரெஷனிச ஓவியர்கள் பனியை விரும்பி வரைந்ததற்குக் காரணம், நிழலுக்கும் நிறம் உண்டு என்று காட்ட அதைவிடத் தெளிவான களம் வேறில்லை என்பதே. கிளாட் மொனே 1868-69 குளிர்காலத்தில் பிரான்சின் வடகடலோரமான எத்ரெத்தா பகுதியில் வரைந்த ‘மேக்பை’ என்ற படத்தை இணையத்தில் பெரிதாக்கி, ஒரு மணி நேரமாவது பாருங்கள். பனி மூடிய வெளி, குச்சிகளால் முடைந்த ஒரு வேலி, அதன் படலின்மேல் படத்துக்குப் பெயர் தந்த மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, வேலியின் நிழல், பின்னால் மரங்களும் வீடும், இவ்வளவுதான் படம். வேலியின் நிழல் சாம்பலாக இல்லாமல் நீலமும் ஊதாவுமாக விழுந்திருக்கிறது. 1869-ஆம் ஆண்டு பாரிஸ் அரசுக் கண்காட்சியின் நடுவர்கள் அந்தப் படத்தை ஏற்க மறுத்தார்கள். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கமீல் பிஸ்ஸாரோ 1873-இல் வரைந்த உறைபனிப் படம், 1874-இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, லூயி லெராய் என்ற விமர்சகரின் கேலிக்கு ஆளாயிற்று. அதில் உழுத வயலின் குறுக்கே நீண்ட நிழல்கள் கிடக்கின்றன. நிழலைத் தரும் மரங்களோ சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. மரத்தை வரையாமல் மரத்தின் நிழலை மட்டும் வைத்தே இடத்தை உணர்த்திய அந்தத் துணிவு, வனக்காட்சியை வரையப்போகும் உங்களுக்கு மிகவும் பயன்படும். ஆல்பிரட் சிஸ்லே லூவசியென் கிராமத்துப் பாதைகளில் வரைந்த பனிப்படங்களையும் சேர்த்துப் பாருங்கள். அமைதியான, மேகம் மூடிய நாளின் பனியை அவரைப்போல் மென்மையாகக் கையாண்டவர் குறைவு என்பது என் எண்ணம்.

அந்த நிறங்கள் இந்த ஓவியர்களின் கண்ணுக்குத் தெரிந்தன என்பது மட்டுமன்று, கைக்கும் கிடைத்தன. பிரான்சில் தெனார் என்ற வேதியியலாளர் 1802-இல் கோபால்ட் நீலத்தையும், கிமே என்ற வேதியியலாளர் 1820-களின் இறுதியில் அல்ட்ராமரைன் என்ற ஆழ்நீலத்தைச் செயற்கையாகவும் உருவாக்கினார்கள். அதற்கு முன் அல்ட்ராமரைன் என்பது கல்லை அரைத்துப் பெற வேண்டிய, பொன்னுக்கு நிகரான விலையுள்ள பொருள். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வண்ணத்தை வெளியிடத்துக்கு எடுத்துச் சென்று நேரில் வரைவது எளிதாயிற்று. மலிவான நீலமும் மூடிபோட்ட ட்யூபும் இல்லாமல் பனியின் நீல நிழல் இத்தனை படங்களில் வந்திருக்காது.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பகுதிகளின் ரப்பர் தோட்டங்கள் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்க்கின்றன. இலை பழுத்து மஞ்சளும் செம்பழுப்புமாகி உதிர்ந்தபின், சில வாரங்களுக்கு வெறும் கிளைகளோடு நிற்கும் அந்தத் தோட்டம், ஐரோப்பியக் குளிர்காலக் காட்டின் எலும்புக்கூட்டை அப்படியே காட்டுகிறது. மற்ற மாதங்களில் இருண்டு கிடக்கும் தரையில் அப்போது வெயில் விழுகிறது. அந்த வெயிலில் கிளைகளின் நிழல் வலையாகப் படர்கிறது. சாம்பல் நிறத்தண்டு, அதன்மேல் வெளிர்பச்சைப் பாசித்திட்டுகள், பால் வெட்டிய பட்டையின் செம்பழுப்பு, தண்டோடு கட்டிய சிரட்டை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. இலையில்லாத மரத்தின் கட்டமைப்பைக் கற்க இதைவிட நல்ல பள்ளி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் துளிர் வெளிவந்துவிட்டால் தோட்டமே செம்பு நிறத்துக்கு மாறிவிடும் என்பதால், அந்த இடைவெளியைத் தவறவிடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பனிப்படங்களின் அழகில் பாதி சூரியனின் உயரத்தைப் பொறுத்தது. டிசம்பர் இறுதியில் பாரிஸில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 18 பாகைதான் இருக்கும். 10 அடி உயரக் கம்பத்தின் நிழல் உச்சிப்பொழுதிலும் 30 அடிக்கு மேல் நீளும். குமரி மாவட்டத்தில் அதே நாளில் நண்பகல் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்பதால் அந்தக் கம்பத்தின் நிழல் 6 அடியோடு நின்றுவிடும். நம் ஊரில் பாரிஸின் நண்பகல் உயரத்தில் சூரியனைப் பார்க்க வேண்டுமானால், காலையில் ஏறத்தாழ எட்டு மணிக்கும் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணிக்கும் போக வேண்டும். அவர்களுக்கு நாள் முழுவதும் கிடைத்த சாய்ந்த ஒளி நமக்குக் காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே பெரிய கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு போகாமல், 10 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவில் சிறிய பயிற்சிப் படங்களை வரையுங்கள். ஒளி மாறியதும் நிறுத்திவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போங்கள். 1890-91-இல் வைக்கோல் போர்களை இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தபோது மொனே செய்ததும் இதையே: ஒளி மாறும்போது கேன்வாஸையும் மாற்றினார். அவற்றில் பனி மூடிய போர்களும் உண்டு.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பயிற்சிக்கு வருகிறேன். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, இலையுதிர்ந்த தோட்டத்தில் ஏழரை மணியளவில், மரங்களுக்கு இடையே தரையில் விரியுங்கள். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி வேண்டாம். இழுத்துச் சமமாக விரிக்காமல், அடியில் சருகுகளும் கற்களும் இருக்கும்படி மேடுபள்ளமாகவே கிடக்க விடுங்கள். அதன்மேல் கிளைகளின் நிழல் விழும். ஒரு சாம்பல் நிற அட்டையில் சிறு துளையிட்டு, அந்தத் துளை வழியாக ஒருமுறை வெயில் பட்ட வெள்ளையையும், ஒருமுறை நிழல் பட்ட வெள்ளையையும் பாருங்கள். சுற்றிலும் உள்ளவை மறைக்கப்பட்டதும், வெயில் பட்ட துணி இளமஞ்சளாகவும் நிழல் பட்ட துணி தெளிவான நீலமாகவும் தெரியும். நம் கண் வெறுமனே பார்க்கும்போது இரண்டையும் வெள்ளை வேட்டி என்று திருத்திப் படித்துக்கொள்கிறது. துளை அந்தத் திருத்தத்தை நீக்கிவிடுகிறது. அந்த இரண்டு நிறங்களையும் பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) கலந்து, துளைக்குப் பக்கத்திலேயே கத்தி நுனியில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு காலைப்பொழுதுகள் இதை மட்டும் செய்தால்கூடப் போதும். பனியில் நீங்கள் கலக்க வேண்டிய நிறங்களும் இவையே.

இன்னொரு இடம் புத்தளம், சாமிதோப்புப் பகுதி உப்பளங்கள். வெயில் காலத்தில் வரப்புகளில் குவித்துவைத்திருக்கும் உப்பு, மாலை ஐந்து மணிக்கு மேல் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒருநாள் நேரம் ஒதுக்குங்கள். மேற்குப் பார்த்த பக்கம் ஆரஞ்சு கலந்த வெண்மை, கிழக்குப் பார்த்த பக்கம் நீலம், இரண்டும் சந்திக்கும் முகட்டில் மட்டும் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு. பனிக்குவியலின் உருவமும் ஒளியும் ஏறத்தாழ இதுவே. அங்கே வேலை செய்யும் உப்பளத் தொழிலாளர்களின் முகத்தையும் கவனியுங்கள். தலைத்துண்டின் நிழலில் இருக்க வேண்டிய தாடையின் அடிப்பகுதி, கீழே உள்ள உப்பிலிருந்து எழும் ஒளியால் வெளிச்சமாக இருக்கும். பனிக்காட்டில் மரத்தண்டின் நிழல் பக்கத்துக்கும் இதுதான் நடக்கிறது. உங்கள் மரங்கள் கரிக்கோடுகளாக நிற்பதற்குக் காரணம் அந்தக் கீழ்வெளிச்சத்தை நீங்கள் அவற்றுக்குத் தரவில்லை என்பதே.

வண்ணங்களைப் பொறுத்தவரை ட்யூபுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் ஒயிட் பெரிய ட்யூப் ஒன்று, அல்ட்ராமரைன், கோபால்ட் அல்லது செருலியன் நீலங்களில் ஒன்று, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), காட்மியம் ஆரஞ்சு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), க்வினாக்ரிடோன் ரோஸ் (ரோஜாச் சிவப்பு), விரிடியன் (பச்சை), இவை போதும். அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்சிவப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் பழைய வகை அலிசரின் வெள்ளையோடு மெலிதாகக் கலந்த இடங்களில் ஒளிபட்டு வெளுத்துவிடும், பனியின் நிழலிலோ நாம் அதை மெலிதாகத்தான் கலக்கிறோம். மொனேயின் காலத்தில் டைட்டானியம் வெள்ளை கிடையாது, ஈய வெள்ளையைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். அது நச்சு என்பதால் நாம் அதைத் தேட வேண்டியதில்லை. டைட்டானியம் அதைவிட வன்மையாக மறைக்கும், சற்றுக் குளிர்ந்த, அதாவது நீலம் சாய்ந்த வெள்ளை என்பதை மட்டும் நினைவில் வைத்து, வெயில் பட்ட பனிக்கு எப்போதும் சிறிது ஆக்கரோ ஆரஞ்சோ சேருங்கள். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கறுப்பு தவறான நிறம் என்பதனால் அன்று. எதுவார் மானே (மொனே அல்லர், அவர் காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியர்) அதை அற்புதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். வெள்ளையோடு சேர்ந்தால் அது தரும் சாம்பலில் மஞ்சள், ஆரஞ்சு சாய்ந்த வெம்மையும் இல்லை, நீலம் சாய்ந்த தண்மையும் இல்லை என்பதே காரணம். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்தால் கறுப்புக்கு நிகரான இருள் கிடைக்கும். அளவை மாற்றி அதையே நீலச்சாயலுக்கோ பழுப்புச்சாயலுக்கோ திருப்பலாம்.

தூரிகைகளில் பன்றிமயிரில் செய்த தட்டை வகையில் 10, 8, 4 எண்களும், கிளை நுனிகளுக்கு ஒரு மெல்லிய நீள்தூரிகையும், ஒரு பேலட் கத்தியும் வேண்டும். நீர்வண்ணத்திலிருந்து வருபவர்கள் மென்மயிர்த் தூரிகையை விட மனமில்லாமல் இருப்பார்கள். அது கெட்டியான வண்ணத்தை எடுத்து வைக்காது, தேய்க்கத்தான் செய்யும்.

கேன்வாஸை வெள்ளையாக விட்டுத் தொடங்க வேண்டாம். வெள்ளைத் தளத்தின்மேல் பனியின் நீலத்தை வைத்தால் அது தேவைக்கு மேல் இருண்டதாகத் தெரிந்து, நீங்கள் அஞ்சி இன்னும் வெள்ளையைச் சேர்ப்பீர்கள். உங்கள் மூன்று படங்களிலும் இதுவும் நடந்திருக்கக்கூடும். யெல்லோ ஆக்கரில் துளி பர்ன்ட் சியன்னா கலந்து, டர்பன்டைனில் நீர்த்துப் பூசி, துணியால் துடைத்து, சந்தனக் குழம்பின் நிறத்தில் ஒரு தளத்தை உண்டாக்கி இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு அதன்மேல் வைக்கும் நீலத்தடவல்களுக்கு இடையே இந்தச் சந்தன நிறம் அங்கங்கே எட்டிப்பார்க்கும். நீலம் குளிர்ச்சியாகத் தெரிவதும், நிழலுக்குள் உயிர் இருப்பதும் அந்த இடைவெளிகளால்தான். நீர்வண்ணத்தில் காகிதத்தின் வெண்மையைக் காத்துவைக்கப் பழகிய உங்கள் கை, இங்கே தளத்தின் வெம்மையைக் காத்துவைக்கப் பழக வேண்டும்.

மரங்களை அடுக்கும்போது ரப்பர் தோட்டத்தின் வரிசையைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். நட்ட மரம் சம இடைவெளியில் நிற்கும். காட்டு மரம் அப்படி நிற்காது. வரிசைக்கு நேரே நின்று பார்க்காமல் மூலைவிட்டமாக நின்று பாருங்கள். இரண்டு தண்டுகள் ஒன்றையொன்று மறைத்து ஒட்டி நிற்க, அடுத்தது வெகுதூரம் தள்ளி நிற்கும். ஒரு தண்டாவது படத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் கடந்து போகட்டும். தரைக்கோட்டை நடுவில் வைக்காமல் மேலே ஏற்றி, படத்தின் மூன்றில் இரண்டு பங்கைப் பனிக்கும் நிழலுக்கும் கொடுங்கள். உங்கள் பகுதியின் சரிவுத் தோட்டங்களில் படிப்படியாக வெட்டிய தளங்களின்மேல் நிழல் விழும்போது, அது ஒவ்வொரு படியிலும் வளைந்தும் முறிந்தும் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பனியின் மேடுபள்ளத்தைச் சொல்வதற்கு நிழலின் அந்த வளைவைத் தவிர வேறு கருவி நமக்கு இல்லை. கோலால் இழுத்ததுபோல் நேராக விழும் நிழல் பனியைச் சிமென்ட் தரையாக்கிவிடும்.

வரைவதைப் பெரிய நிறத்திட்டுகளிலிருந்து தொடங்குங்கள். பென்சில் கோடு வேண்டாம். அல்ட்ராமரைனை டர்பன்டைனில் நீர்த்து, மரங்களின் இடத்தையும் நிழலின் போக்கையும் தூரிகையாலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வானம், தொலைக்காட்டின் மங்கலான திரள், பனியின் நிழல் பகுதி, பனியின் வெயில் பகுதி, அருகிலுள்ள தண்டுகள் என்று ஐந்து திட்டுகளாக மட்டும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைக் கலந்து, பத்தாம் எண் தூரிகையால் முப்பது நிமிடத்துக்குள் கேன்வாஸ் முழுவதையும் மெல்லிய வண்ணத்தால் மூடிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் வெயில் பட்ட பனிக்கும் தூய வெள்ளையை வைக்காதீர்கள். ஒருபடி இறங்கிய இளமஞ்சள் வெண்மையை வைத்தால், இறுதியில் ஏறுவதற்குப் படி மிஞ்சும். எட்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஐந்து திட்டுகளும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் படம் பிழைத்துவிட்டது; பிரியவில்லையென்றால் மேலே எத்தனை நுணுக்கம் சேர்த்தாலும் பயன் இராது, அப்போதே திருத்துங்கள்.

தொலைக்காட்டைக் கிளை கிளையாக வரைய முற்படுவதுதான் வனக்காட்சியில் அதிகம் நடக்கும் பிழை. தை மாதத் தோட்டத்தைச் சற்றுத் தொலைவில் இருந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான நுனிக்கிளைகள் சேர்ந்து வானத்தின் ஓரத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு புகைமூட்டம்போல் நிற்கும். அல்ட்ராமரைன், ரோஸ், சிறிது சியன்னா, நிறைய வெள்ளை ஆகியவற்றைக் கலந்து, தூரிகையில் வண்ணம் மிகக் குறைவாக எடுத்து, ஈரமான வானத்தின் விளிம்பிலேயே மேல்நோக்கி உரசிவிட்டால் அந்த மூட்டம் வந்துவிடும். அதற்குள் வானத்தின் நிறத்தை இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வைத்தால் இடைவெளிகள் திறக்கும். அருகிலுள்ள இரண்டு மூன்று தண்டுகளுக்கு மட்டும் உழைப்பைக் கொடுங்கள். வெயில் பக்கம் ஆரஞ்சு சாய்ந்த பழுப்பு, நடுவில் ஆழ்ந்த ஊதாப்பழுப்பு, நிழல் பக்க விளிம்பில் தரையிலிருந்து எழும் வெளிர்நீலம் என்று மூன்று நிறங்களை ஒவ்வொரு தண்டும் பெறட்டும். தண்டு தரையைத் தொடும் இடத்தில் கூர்மையான கோடு போடாமல், பனியின் வண்ணத்தை மேலே இழுத்து அடிமரத்தை அதற்குள் புதைத்துவிடுங்கள்.

பனியின் வெயில் பகுதிக்குக் கடைசியாக வாருங்கள். நிழல்கள் மெலிதாகவும் வெளிச்சங்கள் தடித்தும் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் வண்ணத்தின் பழைய வழக்கம். பனியில் அது இரட்டிப்பாகப் பொருந்தும். நல்ல அளவு வண்ணத்தைத் தூரிகையில் ஏந்தி, ஒரு தடவல் வைத்ததும் தூரிகையை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் இரண்டாம் முறை தேய்த்தால் கீழே உள்ள நீலம் கலங்கி, வெள்ளை அழுக்காகும். ஒரு தடவலில் மஞ்சள் சாய்ந்த வெண்மை, அதன் பக்கத்தில் இளஞ்சிவப்பு சாய்ந்த வெண்மை, அடுத்து ஆரஞ்சின் சாயல் என்று ஒரே அளவு வெளிச்சமுள்ள வெவ்வேறு நிறங்களைக் கலக்காமல் அருகருகே வைப்பதுதான் இம்ப்ரெஷனிச முறையின் உயிர்நாடி. நிழலுக்குள்ளும் அப்படியே: வானம் நேராகத் தெரியும் இடத்தில் செருலியன், மரங்கள் அடர்ந்த பக்கம் ஊதா. ஏறத்தாழத் தூய வெள்ளையைப் படத்தில் ஐந்தாறு இடங்களுக்கு மட்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் கத்தியால் வையுங்கள்.

மேகம் மூடிய நாளை வரைய விரும்பினால் இந்த வெம்மை தண்மைக் கணக்கு முழுவதும் மாறும். அப்போது நீல நிழல் கிடையாது. ஒளி எல்லாப் பக்கமும் சமமாக வருவதால் நிழலே மங்கிவிடும். அடிவானத்து மேகத்தைவிடத் தரையிலுள்ள பனி வெளிச்சமாக இருக்கும் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வானம்தான் எப்போதும் வெளிச்சமானது என்று கை பழகியிருப்பதால் பலரும் இதைத் தலைகீழாக வரைந்துவிடுகிறார்கள். முதல் படத்துக்கு வெயில் நாளையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பனியின் உருவத்துக்காகப் புகைப்படங்களைப் பாருங்கள், நிறத்துக்காகப் பார்க்காதீர்கள். கைப்பேசிக் கேமரா வெயில் பட்ட பனியை வெறும் வெள்ளையாகவும், தண்டுகளை முழு இருளாகவும் ஆக்கிவிடும். உங்கள் கரிக்கோடுகள் அங்கிருந்தும் வந்திருக்கலாம். கிளையின்மேல் பனி எவ்வாறு தங்குகிறது, பாதையின் ஓரம் எவ்வாறு சரிகிறது என்பவற்றைப் புகைப்படத்திலிருந்தும், நிறத்தை வேட்டிப் பயிற்சியிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் எடுங்கள். அரைமணி நேரத்தில் ஒரு பனிமலையை முடித்துக்காட்டும் காணொளிகள் பல கிடைக்கின்றன. கையை இளக்க அவை உதவும்; ஆனால் அவற்றில் எல்லாக் காட்டுக்கும் ஒரே ஒளிதான், ஒரே நிழல்தான்.

உலர்வது பற்றி உங்களுக்குள்ள கவலை நியாயமானது. எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அது காயத் தாமதமாகும், பூஞ்சையும் பிடிக்கும். டைட்டானியம் வெள்ளை இயல்பாகவே மெதுவாகக் காய்வது. தடித்த பனித்தடவல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். இலையுதிர்வை ஒட்டி வரும் தை, மாசி மாதங்களே இங்கு வறண்ட மாதங்கள் என்பது நமக்கு வாய்த்த நன்மை. படத்தை அலமாரிக்குள்ளோ கட்டிலடியிலோ வைத்துக் காயவிடாதீர்கள். இருட்டில் காயும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், பனிப்படத்தில் அது உடனே தெரியும். நேர்வெயில் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். வண்ணத்தில் கூடுதலாக எண்ணெய் சேர்ப்பதைத் தவிருங்கள். அப்படிச் சேர்த்தாலும் கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில்தான் எண்ணெய் மிகுந்திருக்க வேண்டும், மாறினால் வெடிக்கும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டில் எப்போதும் இருக்கிறது என்பதற்காகத் தேங்காய் எண்ணெயை வண்ணத்தில் சேர்க்கவே கூடாது. அது இறுகும் வகை எண்ணெய் அன்று, படம் பல ஆண்டுகளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். தூரிகையை அதில் கழுவினாலும், பிறகு சோப்புப்போட்டு முழுவதும் போக்கிவிட்டுத்தான் மறுபடி வண்ணத்தில் தொட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். டர்பன்டைன் பயன்படுத்தும்போது சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மேற்பூச்சாகிய வார்னிஷை அவசரப்பட்டுப் பூச வேண்டாம்; தடித்த படத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆக வேண்டும். தையில் வரைந்த படத்துக்கு ஆறு மாதம் நிறைவது ஆடிச் சாரலில். அந்த ஈரத்தில் வார்னிஷ் பூசினால் மேலே வெண்புகை படர்ந்ததுபோல் மங்கிவிடும். அடுத்த தை வரை காத்திருங்கள். அப்போது அதே தோட்டம் மீண்டும் இலை உதிர்த்திருக்கும். படத்தை ஒருநாள் காலை எட்டு மணிக்கு முன் அங்கே எடுத்துச் சென்று, வேட்டியை மறுபடி விரித்து, அதன் நிழலுக்குப் பக்கத்தில் உங்கள் பனியின் நிழலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டிய இடம் இருந்தால் திருத்திக் காயவைத்துவிட்டு, அதன்பின் வார்னிஷ் பூசுங்கள்.